உறங்கிய சங்கு

“யாரு நிப்பாட்டினாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். ஏன் நிப்பாட்டினாங்கன்னு நாளைக்கு விசாரணையில கேட்டுக்குவாங்க.”

சுதாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வந்து உட்கார்ந்த பத்து நிமிடத்தில் இது நான்காவது தடவை.

ஹட்டன் நகரில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது ஜீவராணியின் துப்பறியும் அலுவலகம். பதினெட்டு வருடம் நீதிமன்றத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்றவள். இரண்டு மொழியிலும் பொய் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். உதவியாளன் கஸ்பர், பொகவந்தலாவை பஸ்ஸில் ஒன்பது வருடம் கண்டக்டராக இருந்தவன். வேலை போய்விட்டது, வாய் போகவில்லை.

சுதாகரன் கொண்டுவந்த விஷயம் இதுதான். அவனுடைய குழு ‘கொழுந்து’ என்று ஓர் இயங்குதளத்தை உருவாக்கியிருந்தது. இலவசம். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், முழுக்கத் தமிழில் இருக்கும். மண்சரிவு அபாயமுள்ள ஒன்பது தோட்டங்களில் அதை மழைமானியோடு இணைத்து வைத்திருந்தார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டரே அபாயச் சங்கை ஊதும். லயம் எனும் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் வெளியே ஓட வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்பது இடத்திலும் புதிய வெளியீடான ‘கொழுந்து 7’ ஏற்றப்பட்டது. போன சனிக்கிழமை மத்தியானம் சின்னக்காடு தோட்டத்தில் மழை அளவைத் தாண்டியது. சங்கு ஊதவில்லை. மேட்டுமண் சரிந்து ஐந்தாம் நம்பர் லயத்தின் பின்சுவரைத் தள்ளியது. காளியாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

“கம்ப்யூட்டர்ல பிழை இல்ல மேடம்” என்றான் சுதாகரன். “அங்க பொறுப்பா இருக்கிறது நாகலெட்சுமின்னு ஒரு பொண்ணு. சங்குச் சத்தத்துல பிள்ளைங்க பயப்படுதுன்னு முந்தியே சொல்லியிருக்கு. அதான் நிப்பாட்டியிருக்கும். எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன்.”

இரண்டு பக்க வாக்குமூலம். ஜீவராணி நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்தில் அவளுடைய விரல் நின்றது. ‘பரிசோதித்தபோது சங்கு உறங்குநிலையில் இருந்தது.’

“இதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?”

“இல்ல மேடம். தோட்டத்துக்கு நான் இன்னும் போகல. அங்கத்த கண்டாக்கு ஐயா போன்ல சொன்னதை அப்படியே எழுதினேன்.”

“அப்படியே?”

“அப்படியே.” ஐந்தாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தான்.

டிக்கோயாவைத் தாண்டும்போதே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின்னேரம் கனமழை பெய்யும் என்று கஸ்பரின் ஆட்டோவில் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

“அந்த மனுசன் கதிரையில ஒழுங்கா உட்காரவே இல்லக்கா” என்றான் கஸ்பர். “புட்போர்டுல தொங்குற மாதிரித் தொங்கிக்கிட்டு இருந்தாரு. எந்த ஹோல்ட்டுல குதிக்கலாம்னு பார்க்கிற ஆளு.”

“எனக்கு ஒரு வார்த்தை உறுத்துது கஸ்பர்.”

“ஒரு வார்த்தைதானே? எனக்கு நோர்வூட் ரோடு முழுக்க உறுத்துது.”

ஜீவராணி சிரிக்கவில்லை. மலை உச்சியில் மேகம் இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவுக்கு ஒருமுறை கைப்பையைத் திறந்து மூடினாள்.

சின்னக்காடு தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவை ஒட்டி ஒரு சிறிய அறை. அதில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. நாகலெட்சுமி ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

“நான் அதைத் தொடவே இல்லீங்க மிஸ். பிள்ளைங்க பயப்படுதுன்னு சொன்னது உண்மைதான். சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்க ஏலுமான்னு கேட்டேன், அவ்வளவுதான். நானும் அஞ்சாம் லயத்துலதாங்க இருக்கேன். என் மக உள்ள தூங்கிக்கிட்டு இருக்கையில நான் போய் நிப்பாட்டுவேனா?”

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“மழைக் கணக்கு ஏறிக்கிட்டே போச்சு. கோட்டைத் தாண்டிருச்சு. சங்கு ஊதும், ஊதும்னு பார்த்துக்கிட்டே நின்னேன். ஊதல. அப்புறம் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்துல கிடந்த தகரத்தை எடுத்துத் தட்டிக்கிட்டே லயத்துக்கு ஓடினேன். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. காளியாயி அக்காதான் அடுப்பை அணைக்கத் திரும்ப உள்ள போயிருச்சு.”

ஜீவராணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

“சங்கு எந்த நிலையில இருந்துச்சு? திரையில என்ன எழுதியிருந்துச்சு?”

“அப்புறமா உள்ள தொறந்து பார்க்கையில ‘நிறுத்தம்’னு செவப்பா இருந்துச்சு மிஸ். விசாரணை இருக்குன்னு நான் எதையும் மாத்தல, இப்பவும் அப்படியேதான் இருக்கு.”

மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு வாசலில் வந்து நின்றார். கஸ்பர் அவருக்குக் கை கொடுத்தான். “நீங்க தோட்டத்துக் கண்டாக்கு, நான் பஸ் கண்டக்டர். ரெண்டு பேருமே ஆளுங்களை முன்னுக்குப் போ, முன்னுக்குப் போன்னு கத்துறவங்கதான்.”

“ஐயா, சுதாகரன்கிட்ட போன்ல என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள் ஜீவராணி.

“ஓஃப்ல கிடந்துச்சுன்னு சொன்னேன்.”

“உறங்குநிலைன்னு சொல்லலையா?”

“உறங்கு... அது என்னாங்க? சாமியார் பாஷையா?”

ஜீவராணி கஸ்பரைப் பார்த்தாள். கஸ்பர் புருவத்தை உயர்த்தினான். திரையில் ‘நிறுத்தம்’, கண்டாக்கு வாயில் ‘ஓஃப்’, வாக்குமூலத்தில் மட்டும் ‘உறங்குநிலை’. அந்தச் சொல்லை சுதாகரன் வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறான்.

“புதுசை ஏத்தினப்போ, இன்னின்ன மாறியிருக்குன்னு ஏதாவது தாள் குடுத்தாங்களா?”

“கேட்டேன் மிஸ். எல்லாம் உள்ளயே இருக்குன்னாங்க.”

“கஸ்பர், உள்ளே போ.”

கஸ்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ‘உதவி’ என்பதை அழுத்தினான். அதற்குள் ‘மேலும்’. அதற்குள் ‘இந்த இயங்குதளம் பற்றி’. அங்கே உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று. அதற்கும் கீழே ‘பிற’. அதற்குள், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில், ‘வெளியீட்டுக் குறிப்புகள்’.

“கச்சேரி ஆபீஸ்ல பர்த் சேட்டிபிக்கட் எடுக்கப் போன மாதிரி இருக்குக்கா. நாலு கவுண்டர் சுத்தியாச்சு. அஞ்சாவதுல ஆள் சாப்பிடப் போயிருப்பாரு பாருங்க.”

அழுத்தினான். வெள்ளைத் திரை வந்தது. ‘இணைய இணைப்பு இல்லை.’

“நான் சொல்லல?”

“இங்க சிக்னலே கிடையாதுங்க” என்றாள் நாகலெட்சுமி. “மழைமானிக்கு இணையம் வேணாம்னுதானே இங்க வச்சாங்க.”

அதே பெயர்ப் பட்டியலில் ஒரு வரியை ஜீவராணி சுட்டினாள். ‘தமிழில் எழுதியவர்: தனுஜா, கொத்மலை.’

“தனுஜா டீச்சரா? தொடக்கத்துல எங்களுக்குப் பழக்கிக் குடுத்தது அவங்கதான் மிஸ். நம்பர் இருக்கு.”

“சிக்னல் எங்க கிடைக்கும்?”

“மாரியம்மன் கோயில் வளைவுல நாலு கோடு வரும்” என்று கஸ்பர் எழுந்துவிட்டான். “என் பஸ்ஸுல பாதிக் கல்யாணம் அந்த வளைவுலதான் நிச்சயமாச்சு.”

வளைவில் ஆட்டோவை நிறுத்தியபோது மணி ஒன்றே முக்கால். கஸ்பர் தன் போனில் முதலில் அந்தக் குறிப்புப் பக்கத்தைத் தேடினான். ‘இந்தப் பக்கம் நீக்கப்பட்டுள்ளது.’

“ஆள் சாப்பிடப் போகலக்கா. கவுண்டரையே கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.”

ஜீவராணி தனுஜாவை அழைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த ஆசிரியை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அந்தச் சொல்லைச் சொன்னதும் குரல் மாறியது.

“உறங்குநிலையா? அது என்னோட வார்த்தைங்க. சுதாகரன்கிட்ட சண்டை போட்டு வச்சது. ‘நிறுத்தம்’னு போட்டா யாரோ நிறுத்தின மாதிரி ஆயிரும். இதை யாரும் நிறுத்துறதில்ல. புது வெளியீட்டைப் போட்டா சங்கு தானாவே தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். நாமதான் எழுப்பணும். முந்தின வெளியீட்டுல அப்படி இல்ல. திரையில மாத்த விடல, குறிப்புல மட்டும் வச்சுக்கங்கன்னு விட்டாரு.”

“அதை எங்க எழுதியிருந்தீங்க?”

“வெளியீட்டுக் குறிப்புல, முதல் வரியே அதுதான். மூணு பக்கம். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் திரையில வரணும்னு கேட்டேன். எங்கேயோ கொண்டுபோய் வச்சிருக்காங்களா?”

“இப்ப அந்தப் பக்கமே இல்ல. யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா?”

“எங்க வேலையில ஒண்ணை மறைக்கலாம், ஆனா அழிக்க ஏலாது. யார் எதை எப்ப மாத்தினாலும் பேரோட பதிவாகும், யாரும் பார்க்கலாம். கொஞ்சம் இருங்க.” விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது. “ஞாயிற்றுக்கிழமை காலையில எடுத்திருக்கு. எடுத்தது சுதாகரன்.”

மண் சரிந்த மறுநாள் காலை.

ஆட்டோக் கூரையில் முதல் மழைத்துளி விழுந்தது. இரண்டாவது விழுந்தது.

“டீச்சர், மொத்தம் ஒன்பது தோட்டம். மத்த எட்டுலயும்?”

“ஐயோ” என்றாள் தனுஜா. “அங்கேயும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும்.”

பொகவந்தலாவை பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடையில், தனுஜா அனுப்பிய மூன்று பக்கமும் அச்சாகி வர ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் கஸ்பர் ஆட்டோ என்ஜினை நிறுத்தவே இல்லை.

திரும்பி வந்தபோது பிள்ளைக்காம்பரா முன்னால் வெள்ளை வேன் ஒன்று நின்றது. உள்ளே சுதாகரன், கம்ப்யூட்டர் வயரைக் கழற்றக் குனிந்திருந்தான். நாகலெட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“விசாரணைக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்றாங்க மிஸ். எழுத்துல குடுங்கன்னு கேட்டா தரமாட்டேங்கிறாங்க.”

“எங்க குழுவோட கம்ப்யூட்டர்தானே மேடம்...”

“வயரை விடுங்க.” ஜீவராணி முதல் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தாள். “‘முக்கியம்: புதிதாக நிறுவியபின் சங்கு உறங்குநிலையில் இருக்கும். அதை நீங்களே எழுப்ப வேண்டும்.’ பொய் சொல்றவங்க கதையை மாத்துவாங்க சுதாகரன், ஆளை மாத்துவாங்க. வார்த்தையை மட்டும் மாத்த மறந்துருவாங்க. இந்தத் தோட்டத்துல யாருமே சொல்லாத வார்த்தை உங்க வாக்குமூலத்துல எப்படி வந்துச்சு?”

சுதாகரன் நிமிர்ந்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“புது வெளியீட்டோட திறப்பு விழாவுக்குப் பெரிய ஆளுங்க வந்தாங்க” என்றான் கடைசியில். “கம்ப்யூட்டரைப் போட்டதும் கவனம், கவனம்னு மூணு பக்கம் வந்தா என்ன நினைப்பாங்க? அதான் உள்ள தள்ளி வச்சேன். தேவைப்பட்டவங்க தேடி எடுத்துக்குவாங்கன்னு... சனிக்கிழமை போன் வந்ததும் எனக்கு விளங்கிருச்சு. பயந்துட்டேன். வெளியாள் ஒருத்தர் சொன்னா நம்புவாங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

“பயந்து என் மேல போட்டீங்க” என்றாள் நாகலெட்சுமி.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

“மத்த எட்டுத் தோட்டத்துக்கும் சொன்னீங்களா?” என்றாள் ஜீவராணி.

“சொன்னா ஏன்னு கேப்பாங்களே... விசாரணை முடிஞ்சதும் திருத்தி ஏத்தலாம்னு...”

“மழை விசாரணை முடியட்டும்னு காத்திருக்குமா? ஆபீஸ்ல லேண்ட்லைன் இருக்கு. நடங்க. உங்க கதை அப்புறம்.”

தோட்ட அலுவலகத்தில் கண்டாக்கு போனை அவன் பக்கம் நகர்த்தினார். ஒவ்வொரு தோட்டமாக சுதாகரன் அழைத்தான். முதல் அழைப்பில், “ஒரு சின்ன மாத்தம்...” என்று ஆரம்பித்தான். ஜீவராணி மேசையை விரலால் தட்டினாள். “எங்க பிழை” என்று திருத்திக்கொண்டான். “எங்க பிழைங்க. உங்க சங்கு தூங்குது. எழுப்பணும். இப்பவே.”

இரண்டே முக்காலுக்கு எட்டாவது தோட்டமும் முடிந்தது. சுதாகரன் நெற்றியைத் துடைத்தான். கஸ்பர் அப்போதுதான் உட்கார்ந்தான்.

“மிஸ்.”

வாசல் பெஞ்சியில் இருந்து நாகலெட்சுமி கூப்பிட்டாள். அச்சடித்த மூன்று பக்கத்தையும் விரல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

“மூணாம் பக்கத்துல பதினோராவதைப் பாருங்க. ‘கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் இயங்கினால் சங்கு மறுபடி உறங்கும். இதைத் தவிர்க்க, எப்போதும் விழிப்பு என்ற கட்டத்தில் அடையாளமிடுக.’ இங்கெல்லாம் கரண்ட் போய் பெட்டரிக்கு மாறையில கம்ப்யூட்டர் ஒருக்கா அணைஞ்சுதாங்க எழும்பும்.”

எல்லாரும் சுதாகரனைப் பார்த்தார்கள்.

“நான்... ரெண்டாம் பக்கத்தோட நிறுத்திட்டேன். முழுசா படிக்கல.”

மலைக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தது. அலுவலக விளக்கு ஒரு தரம் துடித்து அணைந்தது.

“மாதாவே” என்றான் கஸ்பர்.

இந்தத் தடவை ஜீவராணியே போனை எடுத்தாள். சுதாகரன் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் சுழற்றினாள். நாகலெட்சுமி அவள் பக்கத்தில் நின்று பதினோராவது வரியை ஒவ்வொரு தோட்டத்துக்கும் வாசித்தாள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே அடையாளம் போட வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரிந்தது. ஏழு தோட்டத்தில் போனை எடுத்தார்கள். ஏழிலும் கரண்ட் போயிருந்தது. ஏழிலும் சங்கு திரும்பத் தூங்கியிருந்தது.

எட்டாவது, கொத்மலைப் பக்கம் இருக்கும் மேல்கரைத் தோட்டம். மணி அடிக்கவே இல்லை. லைன் செத்துப்போயிருந்தது.

“அங்கதான் மழை கூட” என்றான் சுதாகரன் மெல்ல.

“ஆட்டோவுல போனா?” என்று கஸ்பர் சாவியை எடுத்தான்.

“ரெண்டு மணி நேரம் ஆகும்.” ஜீவராணி ஏற்கெனவே வேறு எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். “டீச்சர், மேல்கரை உங்க வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்?”

“ஸ்கூட்டியில இருபது நிமிஷம்.” தனுஜா காரணம் கேட்கவில்லை. போன் வைக்கும் சத்தம்தான் கேட்டது.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மழை தகரக் கூரையில் கொட்டியது. நாகலெட்சுமி ஓடிப்போய்ச் சின்னக்காட்டுச் சங்கை எழுப்பி, அடையாளமிட்டு, நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். கண்டாக்கு ஐந்தாம் லயத்து ஆட்களைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு வந்தார். கஸ்பர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தான். ஒரு பகிடியும் வரவில்லை. மூன்றே கால். மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து.

போன் அடித்தது.

ஜீவராணி எடுத்துக் காதில் வைத்தாள். பேச்சுக் குரல் இல்லை. நீளமாக, இறங்காமல், ஒரே ஓலம். அவள் போனைத் திருப்பி எல்லாருக்கும் பிடித்தாள்.

“கேக்குதா?” அந்தச் சத்தத்துக்கு மேல் தனுஜா கத்தினாள். “நான் எழுப்பி ரெண்டு நிமிஷம்கூட ஆகலைங்க, அதுவாவே ஊத ஆரம்பிச்சிருச்சு! ஆளுங்க ஸ்கூலுக்கு ஏறிக்கிட்டு இருக்காங்க. பிள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்க!”

நாகலெட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாளா, மழைநீரைத் துடைத்தாளா என்று தெரியவில்லை.

சிறிது நேரம் கழித்து சுதாகரன் வெள்ளைத்தாள் கேட்டான். புதிய வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதி, கண்டாக்கு முன்னால் கையெழுத்துப் போட்டான். அதை ஜீவராணியிடம் நீட்டாமல் நாகலெட்சுமியிடம் நீட்டினான்.

“மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல” என்றான். “இந்தக் குறிப்பை இனி எங்க வச்சா எல்லாரு கண்ணுலயும் படும்? அதை மட்டும் சொல்லுங்க. செஞ்சிர்றேன்.”

அவள் வாக்குமூலத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

“கம்ப்யூட்டரைப் போட்டதும் மொதத் திரையில வையுங்க. சிக்னல் இல்லாட்டியும் தெரியணும். அது ஒண்ணு. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு நீங்களே வந்து வாசிங்க. அது ரெண்டு.”

மறுநாள் காலை ஆறரைக்கு, வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், தூறலில் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். சுதாகரன் ஒரு பெட்டிமேல் ஏறி வாசித்தான். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடிந்ததும் நிறுத்தினான். யாரும் நகரவில்லை. மூன்றாம் பக்கத்தை எடுத்தான். பதினோராவது வரியை வாசித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனவனை, பின்வரிசையில் இருந்து ஒரு பெண்ணின் குரல் நிறுத்தியது.

“அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசிங்க தம்பி. சத்தமா.”

அவன் வாசித்தான்.